புற்றுக் காளான்: கேட்டவர்களுக்குப் பதில்

ஐப்பசி மழைக்குத் தோட்டத்தில் புற்றுக் காளான் முளைத்திருக்கிறது அண்ணா. நல்லதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

சட்டென்று பிடுங்காதீர்கள் தம்பி, சுற்றிலும் மண்ணைத் தோண்டுங்கள். புற்றுக் காளானின் தண்டு வேர் மாதிரி கீழே நீண்டு, கறையான் கூட்டில் போய் முடியும். குடையின் உச்சியில் கூரான முனை இருக்கும். முதலில் ஒரு குடையை மட்டும் பறித்து, அடிப்பக்க மடிப்புகள் வெள்ளைத் தாளில் படும்படி வைத்து, மேலே டம்ளரை மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் வெளிர் ரோஸ் நிறத் தூள் படிந்திருக்க வேண்டும். பச்சைத் தூள் என்றால் விஷம், கொட்டிவிடுங்கள். ரோஸ் தூள் விழும் விஷக் காளான்களும் உண்டு, அதனால் பழகிப் பறிக்கிற பெரியவர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் சமையல். சந்தேகமா? வேண்டவே வேண்டாம்.

வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் விஷமில்லை என்கிறார்களே?

தயவுசெய்து நம்பாதீர்கள். அமாடாக்சின் என்ற நஞ்சை வெள்ளி காட்டிக்கொடுக்காது, கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டுப் பெரும்பாலும் 6 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, பேதி. நடுவில் தேறிவிட்டது போலத் தெரியும், பிறகு கல்லீரல் கெடும். மீதிக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதை வீட்டில் வளர்க்கலாமா?

சிப்பிக் காளான் போல வைக்கோலில் வராதும்மா. கறையான்கள் தின்ற இலை, கட்டையைக் கழிவாக்கி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. அந்தக் கூட்டுறவு இல்லாமல் இது முளைப்பதில்லை. அதனால்தான் புற்றை இடிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

என்ன சத்து இருக்கிறது?

பச்சைக் காளானில் பெரும்பகுதி தண்ணீர்தான். புரதம், நார்ச்சத்து, பொட்டாசியம், பி வைட்டமின்கள் உண்டு. அப்புறம், நறுக்கி வெயிலில் காயவைத்தால் எர்கோஸ்டெரால் என்ற பொருள் வைட்டமின் டி2 ஆக மாறும். பி12-க்கு மட்டும் இதை நம்பியிருக்காதீர்கள்.

அம்மாவுக்குப் புற்றுநோய். இது குணமாக்குமா அண்ணா?

ஆய்வகச் சோதனைகளில் சில நல்ல குணங்கள் தெரிந்திருக்கின்றன. அது மருந்தாகாதும்மா. சிகிச்சையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். அம்மா ஆசைப்பட்டால், டாக்டரைக் கேட்டுவிட்டு, கடையில் விற்கும் வளர்ப்புக் காளானைக் கொடுங்கள். காட்டுக் காளான் இப்போது வேண்டாம்.

அப்பாவுக்கு யூரிக் அமிலம் அதிகம்?

உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் இதில் இருப்பதால் டாக்டரிடம் கேட்டு, அளவாக.

எப்படிச் சமைப்பது?

மண் போக அலசி, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் சேர்த்து நன்றாக வேகவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், காளானே விடும். பறித்த அன்றே சாப்பிடுங்கள், மறுநாள் புழு வைத்துவிடும்.