குதிகால் முதலில் பட்டால் முழங்கால் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 41. எட்டு மாதமாக வாரம் நான்கு நாள், ஒவ்வொரு முறையும் 5 கி.மீ. ஓடுகிறேன். பழைய ஷூ தேய்ந்துவிட்டதால் புதிது வாங்கக் கடைக்குப் போனேன். டிரெட்மில்லில் ஓடச் சொல்லி வீடியோ எடுத்துப் பார்த்துவிட்டு, 'உங்களுக்குக் குதிகால்தான் முதலில் தரையில் படுகிறது' என்று குதிகால் பக்கம் தடித்த ஷூ ஒன்றைக் காட்டினார்கள். கூட ஓடும் நண்பரோ, 'குதிகாலில் இறங்கினால் முழங்கால் போய்விடும், முன்பாதத்தில் இறங்கப் பழகு' என்று சொல்லி, அடிப்பாகம் முன்னும் பின்னும் ஒரே உயரமாக இருக்கும் 'ஜீரோ டிராப்' ஷூவை வாங்க வைத்துவிட்டார். அதைப் போட்டு முன்பாதத்தில் ஓட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. காலையில் எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கம் வலிக்கிறது. பழைய ஷூவில் எனக்கு ஒரு வலியும் வந்ததில்லை. நான் எப்படி ஓட வேண்டும், எந்த ஷூ வாங்க வேண்டும் டாக்டர்?

பதில்: பழைய ஷூவில் ஒரு வலியும் இல்லை என்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குவோம். எட்டு மாதம், வாரம் 20 கி.மீ. ஓடியும் முழங்கால் முனகாமல் இருந்திருக்கிறது என்றால், உங்கள் ஓட்டத்தில் திருத்தியே ஆக வேண்டிய கோளாறு எதுவும் இல்லை. குதிகால் முதலில் படுவது நோயல்ல. ஓடுபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் ஓடுகிறார்கள். ஜப்பானில் நடந்த ஓர் அரை மாரத்தானில் 15ஆவது கிலோமீட்டரில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி நூற்றுக்கு 75 பேர் குதிகாலில் இறங்கினார்கள், 24 பேர் நடுப்பாதத்தில். முன்பாதத்தில் இறங்கியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அந்தக் கேமராவில் பதிவானவர்கள் எல்லாம் நம்மைப் போலக் காலையில் தொந்தி குறைக்க ஓடுபவர்கள் அல்ல, முன்னணிப் போட்டியாளர்கள்.

பிறகு இந்த முன்பாதப் பேச்சு எங்கிருந்து வந்தது? 2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அப்படி இறங்கும்போது குதிகால் தரையில் மோதும் அந்த முதல் 'டக்' அதிர்ச்சி ஏறக்குறைய இல்லை என்று அதில் காட்டினார்கள். அது சரிதான். ஆனால் வாய்வழியாகப் பரவும்போது 'அதிர்ச்சி இல்லை' என்பது 'காயமே வராது' என்று ஆகிவிட்டது. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசையைக் கால் தாங்குகிறது. எப்படி இறங்கினாலும் அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். குதிகாலில் இறங்கினால் முழங்காலுக்குப் பங்கு கூடுகிறது. முன்பாதத்தில் இறங்கினால் முழங்காலின் பங்கு குறைந்து, கெண்டைக்கால் தசைக்கும், அந்தத் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணுக்கும், பாத எலும்புகளுக்கும் கூடுகிறது. இடுப்பில் இருக்கும் குடத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வது போலத்தான்.

உங்களுக்கு நடந்ததும் இதுவே. குதிகாலுக்கு மேலே பின்பக்கம், காலையில் முதல் அடிகளில் வரும் வலி பெரும்பாலும் அக்கிலிஸ் தசைநாண் வலிதான். (அதே காலை வலி குதிகாலுக்கு அடியில் வந்தால் அது வேறு, உள்ளங்காலின் அடிச்சவ்வைப் பற்றியது.) நீங்கள் ஒரே நாளில் இரண்டு விஷயங்களை மாற்றிவிட்டீர்கள். வழக்கமான ஷூவில் குதிகால் முன்பாதத்தைவிட 10 மி.மீ. அளவுக்கு உயரத்தில் இருக்கும். அந்த உயரம் போனதால் தசைநாண் கூடுதலாக நீள வேண்டியிருக்கிறது. அது போதாதென்று முன்பாதத்தில் இறங்குவதால், ஒவ்வோர் அடியிலும் குதிகால் சட்டென்று கீழே போகாமல் இழுத்துப் பிடிக்கும் வேலையும் அதன் தலையில் விழுந்தது. தசை சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசைநாண் அப்படியல்ல, அதற்கு மாதக்கணக்கு.

ஆகவே இப்போதைக்குப் பழைய ஷூ போலவே குதிகால் உயரம் உள்ள புதிய ஷூ வாங்குங்கள். அதே மாடலின் இப்போதைய பதிப்பு பொருந்தினால் அதையே எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எப்போதும் ஓடியது போலவே ஓடுங்கள். தூரத்தை இரண்டு மூன்று வாரத்துக்குப் பாதியாகக் குறையுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குதிகாலைத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்கும் பயிற்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். தரையிலேயே செய்யுங்கள், படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடுவது இப்போது வேண்டாம். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி முன்பைவிடக் கூடியிருந்தால் மட்டும் அளவைக் குறையுங்கள். சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டிருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மருந்துகள் இந்தத் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை.

சரி, ஷூ விஷயத்துக்கு வருவோம். 'பாதம் இறங்கும் விதத்துக்கு ஏற்ற ஷூ' என்று கடைகளில் சொல்வதன் அடிப்படை, நான் மேலே சொன்ன அந்தக் குதிகால் உயர வித்தியாசம்தான். குதிகாலில் இறங்குபவருக்கு 8 முதல் 12 மி.மீ., முன்பாதத்தில் இறங்குபவருக்கு 0 முதல் 4 மி.மீ. என்பது அவர்கள் கணக்கு. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. லக்சம்பர்க்கில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு 10, 6, 0 மி.மீ. என மூன்று வகை ஷூக்களைப் பிரித்துக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள். 2016இல் முடிவு வந்தது. மொத்தத்தில் காயங்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. ஆனால் எப்போதாவது ஓடுபவர்களுக்குத் தாழ்ந்த குதிகால் ஷூவில் காயம் குறைவாகவும், ஆறு மாதத்துக்கு மேல் வாராவாரம் ஓடிவந்தவர்களுக்கு அதே ஷூவில் காயம் அதிகமாகவும் இருந்தது. நீங்கள் இரண்டாவது கூட்டம். உங்கள் நண்பர் இதைப் படித்திருந்தால் வேறு ஷூவைக் கைகாட்டியிருப்பார்.

உள்ளங்கால் வளைவைப் பார்த்து, தட்டைப்பாதத்துக்கு ஒரு ஷூ, வளைந்த பாதத்துக்கு ஒரு ஷூ என்று பிரிப்பதும் இதே கதைதான். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பெரிய அளவில் அப்படிக் கொடுத்துப் பார்த்தும் காயம் குறையவில்லை.

என்னிடம் வருபவர்களை நான் வேறு விதமாகக் கேட்பேன். எங்கே இறங்குகிறீர்கள் என்பதைவிட, எங்கே வலித்திருக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும். முழங்காலின் முன்பக்கம் அடிக்கடி வலிப்பவர் குதிகால் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். அதைவிட நல்லது, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்பதை எண்ணி, அதை 5 முதல் 10 சதவீதம் கூட்டுவது. 160 வைப்பவர் 170 வைத்தால் போதும். எட்டி எட்டி வைக்கும் கால் தானாகவே உடலுக்கு அடியில் வந்துவிடும், முழங்காலின் சுமையும் குறையும். பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் போனை வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். குதிகால் படுகிறதா என்று பார்க்காதீர்கள். கால் தரையைத் தொடும் கணத்தில் பாதம் முழங்காலைத் தாண்டி எவ்வளவு முன்னால் நீண்டிருக்கிறது என்று பாருங்கள். கெண்டைக்காலும் அக்கிலிஸும் தொல்லை கொடுப்பவருக்கு உயர்ந்த குதிகாலே நல்லது. பெருவிரல் மூட்டு மடங்காமல் வலிப்பவருக்கு முன்பக்கம் படகு போல மேல்நோக்கி வளைந்த, கெட்டியான சோல் உதவும். எந்த வலியும் இல்லாதவர் எதையும் மாற்ற வேண்டாம்.

ஷூவின் அடியில் குதிகாலின் வெளிவிளிம்பு தேய்ந்திருப்பதைக் காட்டிப் பலர் பயப்படுகிறார்கள். கால் வெளிவிளிம்பில் இறங்கி உள்பக்கமாகச் சாய்வது இயல்பு, எனவே அங்கே தேய்வதும் இயல்பு. அதைவிட ஷூவுக்கு உள்ளே இருக்கும் இன்சோலை உருவிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். வியர்வையும் அழுக்கும் சேர்ந்து ஐந்து விரல்களின் அச்சும் அதில் கருப்பாகப் பதிந்திருக்கும். பெருவிரல் அச்சு இன்சோலின் நுனியில் இடித்துக்கொண்டிருந்தால் ஷூ சிறியது. சுண்டுவிரல் அச்சில் பாதி விளிம்புக்கு வெளியே போயிருந்தால் ஷூ குறுகலானது. வருபவர்களில் கணிசமானவர்களின் பிரச்சினை இந்த அச்சிலேயே தெரிந்துவிடும். நானே ஒரு காலத்தில் அரை அளவு சின்ன ஷூவில் ஓடிப் பெருவிரல் நகம் கறுத்து, அது விழுந்து முளைக்கும்வரை செருப்போடு கிளினிக்குக்குப் போனவன். மருத்துவப் படிப்பு அதற்குக் கைகொடுக்கவில்லை.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், பகல் முழுவதும் நின்று நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் ஆகும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். எழுந்து நின்று, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது, பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும். அப்புறம் மூன்று நான்கு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டு ஒவ்வொன்றிலும் சில நிமிடம் ஓடிப் பாருங்கள். ஓடும்போது எது காலில் இருப்பதே தெரியவில்லையோ, அதை எடுங்கள். கனடாவின் பென்னோ நிக் பல ஆண்டுகள் ஓடுபவர்களின் கால்களை அளந்தவர். அவர் வந்து சேர்ந்த இடமும் இந்தச் சௌகரியம்தான். 'போடப்போட இளகிவிடும்' என்று சொன்னால் வாங்காதீர்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் சௌகரியத்தை நம்பக்கூடாது, கடிக்கும் ஷூகூட அவர்களுக்குக் கடிப்பது தெரியாது. அவர்கள் பாதத்தைப் பரிசோதித்துக்கொண்ட பிறகே ஷூ வாங்க வேண்டும்.

பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை ஒரு ஷூ தாங்கும். முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள், சுமை ஒரே இடத்தில் விழாமல் பரவும்.

ஆறு வாரம் நான் சொன்னபடி செய்தும் வலி குறையவில்லை என்றால் நேரில் காட்டுங்கள். 'டப்' என்று ஏதோ அறுந்தது போலச் சத்தம் கேட்டு நுனிக்காலில் நிற்க முடியாமல் போனாலும், பாத எலும்பில் ஒரு விரல் வைத்துக் காட்டும்படியான இடத்தில் வலித்து வீங்கினாலும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

வாங்கிய ஜீரோ டிராப் ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம். காலை வலி முழுக்கப் போன பிறகு நடப்பதற்குப் போடுங்கள். அதில் ஓடியே தீர வேண்டும் என்ற ஆசை அப்போதும் இருந்தால், வாரத்தில் ஒரு நாள், வழக்கமான ஓட்டத்தின் கடைசி அரைக் கிலோமீட்டர் மட்டும்.