ஏற்காட்டு குளிர்ல வண்டியிலயே ரெண்டு மாசம்: கேளுங்க, சொல்றேன்

சேலம் கோரிமேடு பக்கம் வேனையெல்லாம் கேரவனா மாத்திக் கொடுக்கறது நம்ம தொழில், குளிர் காலத்துல நானும் ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்ல வண்டியைப் போட்டுட்டு அங்கயே இருந்துக்குவேன். அதனால இந்த சீசன் வந்தாலே ஆளாளுக்கு கேப்பாங்க, எல்லாருக்கும் ஒண்ணா பதில்.

ஓமலூர் தம்பி: டிசம்பர் முதல் வாரமே ஏறிடலாமாண்ணா?

அவசரப்படாதீங்க தம்பி. வடகிழக்கு மழை டிசம்பர்லயும் வெளுக்கும், 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்தே நின்னுச்சு. மார்கழி பாதி தாண்டட்டும், தை மாசிதான் தோது.

தருமபுரி அக்கா: ராத்திரி குளிருக்கு கரி அடுப்பு உள்ள வச்சுக்கலாமா? வயசான அம்மாவும் வராங்க.

வேணவே வேணாம்க்கா. அடைச்ச வண்டிக்குள்ள கரி கனிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், வாசமும் இருக்காது புகையும் தெரியாது, தூங்கினவங்க தூங்கினபடியே போயிடுவாங்க. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம்தான், ராத்திரி 12, 13 டிகிரி, சில நாள் இன்னும் கொஞ்சம் கீழ. அம்மாவுக்கு ஸ்வெட்டர், சாக்ஸ், நல்ல கம்பளி ரெண்டு, போதும்.

என்னைக் கேட்டா குளிரை விட ஈரம்தான் மோசம், அதை யாரும் கேக்கவே மாட்டேங்கறாங்க. எல்லா ஜன்னலையும் இறுக்கி சாத்திட்டு நாலு பேர் மூச்சு விட்டா அந்த ஈரம் எங்க போகும், தகரத்துலயும் கண்ணாடியிலயும் முத்து முத்தா நிக்கும், காலையில மெத்தையைத் தூக்கிப் பாருங்க, அடியில பிளைவுட் நனைஞ்சு கருப்பா பூஞ்சை பூத்திருக்கும். அதனால கூரையில இருக்கற வென்ட், அதான் காத்து போற திறப்பு, ரெண்டு விரக்கடை திறந்தே இருக்கணும், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலும் அப்படித்தான். மெத்தைக்கு அடியில பலகைய இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்க. சமையல் வெளிய, ஈரத்துணி உள்ள காயப்போடக்கூடாது.

ஆத்தூர் அக்கா: இட்லி மாவு புளிக்குமா?

இதுதான் நல்ல கேள்வி! சும்மா வச்சா மறுநாள் மதியம் ஆனாலும் அசையாது. தெர்மோகோல் பெட்டியில மாவுச் சட்டியை வச்சு பக்கத்துல ரெண்டு பாட்டில் சுடுதண்ணி வச்சு மூடிடுங்க, படுக்கப் போறப்ப தண்ணியை மாத்துங்க, காலையில பொங்கி நிக்கும்.

மேட்டூர் தம்பி: 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, மேல சோலார். பத்துமா?

12.8 வோல்ட் பேட்டரின்னா கணக்குக்கு 1,280 வாட் ஹவர். லைட்டு, ஃபேன், போன், சின்ன ஃபிரிட்ஜுக்கு ஒரு நாள் தாராளமா ஓடும். ஆனா மூடுபனி இறங்கினா பேனல்ல பேருக்குத்தான் கரண்ட் வரும், எஸ்டேட்ல ஒரு பிளக் பாயிண்ட் கேட்டு வாங்கிடுங்க. சில்வர் ஓக் நிழல்ல நிறுத்துனா சோலாரும் போச்சு, காத்துல கிளை முறிஞ்சு கூரையும் போச்சு.

ராசிபுரம் அண்ணன்: எஸ்டேட்ல இடம் எப்படிக் கேக்கறது? டாய்லெட் கழிவை என்ன பண்றது?

நேர்ல போய் கேளுங்க, அது பழம் பறிக்கிற சீசன், களத்துலயும் லாரி திரும்பற வழியிலயும் நிறுத்த மாட்டேன்னு நீங்களே சொல்லிடுங்க, பாதி வேலை முடிஞ்சுது. கழிவுத் தொட்டியை அவங்க செப்டிக் டேங்க்லதான் கொட்டணும், ஓடைப்பக்கம் போகவே கூடாது. சாயங்காலத்துக்கு மேல காட்டெருமை வரும், வெளிய சாப்பாடு மிச்சம் வைக்காதீங்க, டார்ச் இல்லாம இறங்காதீங்க.

எடப்பாடி தம்பி: 20 கொண்டை ஊசி வளைவு, மூணரை டன் வண்டி. பயமா இருக்கு.

ஏறுறது இன்ஜின் பாடு. இறங்கறப்பதான் பிரேக் மேலயே கால வச்சு டிரம்மை காய வச்சுடுவாங்க, அப்புறம் மிதிச்சா பிடிக்காது. எந்த கியர்ல ஏறினீங்களோ அதுலயே இறங்குங்க. கருகல் வாசம் வந்தா அகலமான இடமாப் பார்த்து அரை மணி ஓரங்கட்டுங்க. ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, ஹாரன் அடிச்சு சண்டை போடாதீங்க.

சேலம் அஸ்தம்பட்டி சார் ஒருத்தர்: பையன் அரிசோனால இருக்கான், அங்க குளிர் காலம் பூரா வண்டியிலயே இருப்பாங்களாமே?

ஆமா சார், குவார்ட்ஸைட்னு ஒரு ஊர், பனி கொட்டற மாநிலத்துக்காரங்க வந்து குவிவாங்க. பக்கத்துல அரசு பாலைவன நிலத்துல செப்டம்பர் 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் பர்மிட் வாங்கிட்டு தங்கலாம். பகல்ல வெயில், ராத்திரி நடுக்கும், ஏற்காட்டு கம்பளியையே கொண்டு போங்க.