சனிக்கிழமை பில்லை அத்தான் பார்த்துக்கொள்வாரா?

கேள்வி: சார், நானும் மனைவியும் சென்னை அண்ணா நகரில் வாடகைக்கு இருக்கிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் கையில் வருவது 1,09,000 ரூபாய். எங்களுக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு, சனிக்கிழமை ராத்திரி வெளியே சாப்பிடுவது. கொரியன், ஜப்பான், இத்தாலியன் என்று பக்கத்திலேயே கடைகள் வந்துவிட்டதால் வாரம் ஒன்றாகப் போகிறோம். நாங்கள் இருவர், மச்சினன், சித்தி பையன்கள் இரண்டு பேர், ஆபீஸ் நண்பர், அவர் மனைவி என மொத்தம் ஏழு பேர். பாயிண்ட் கிடைக்கிறதே என்று முழு பில்லையும் என் கிரெடிட் கார்டில் போடுவேன். மற்றவர்கள் அவரவர் பங்கை யு.பி.ஐ.யில் அனுப்பிவிடுவார்கள். மச்சினனிடம் மட்டும் கேட்பதில்லை. “அத்தான் பார்த்துக்குவார்” என்பான். 11 மாதமாக இப்படித்தான். இப்போது கார்டில் 1,34,000 நிலுவை. வேறு எதற்கும் அந்தக் கார்டைத் தேய்ப்பதில்லை. மாதம் 7,000 தவறாமல் கட்டியும் கடன் குறைய மாட்டேன் என்கிறது. 90,000 ரூபாய்க்கு எஃப்.டி. இருக்கிறது, மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 10,000 எஸ்.ஐ.பி. போகிறது. அடுத்த வருடம் வீட்டுக்கடன் வாங்க எண்ணம். வெளியே சாப்பிடுவதை அடியோடு நிறுத்த வேண்டுமா? ஹோட்டல் செலவுக்கு 10% கேஷ்பேக் தரும் கார்டுக்கு மாறச் சொல்கிறார் நண்பர். மாறலாமா? கடைசியாகப் போன கொரியன் கடை பில்லின் படத்தை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: சாப்பிடுவதை நிறுத்த வேண்டாம். கார்டை நீட்டுவதை நிறுத்துங்கள். புதுக் கார்டு பேச்சை இப்போதைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய பில் 4,216 ரூபாய். வசதிக்காக 4,200 என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் நான்கு சனிக்கிழமை என்றால் 16,800. இதில் நீங்களும் மனைவியும் சாப்பிட்டது ஏழில் இரண்டு பங்கு, அதாவது 4,800. இருவர் சம்பாதிக்கும் வீட்டில், வருமானத்தில் ஐந்து சதவீதம்கூட இல்லாத செலவு இது. இதற்காக யாரும் கடனாளி ஆக மாட்டார்கள்.

மீதி 12,000 மற்ற ஐந்து பேருடையது. மச்சினன் பங்கு 2,400 வருவதில்லை. யாராவது ஒருவர் ஒரு வாரம் மறந்துவிட்டால் இன்னொரு 600 போகும். ஆக, உங்களுக்குத் திரும்பி வருவது மாதம் சுமார் 9,000. இந்த 9,000 எங்கே என்று என்றைக்காவது தேடிப் பார்த்தீர்களா? அது கார்டுக்குப் போகவில்லை. சேமிப்புக் கணக்கில் விழுந்து, சம்பளப் பணத்தோடு கலந்து, பாலுக்கும் ஆட்டோவுக்கும் ஆன்லைன் ஆர்டருக்கும் கரைந்துபோயிருக்கிறது. வேறு மாதிரி சொன்னால், உறவுக்காரர்கள் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு நீங்கள் வங்கியில் கடன் வாங்கி, அவர்கள் தந்த பணத்தை வருமானம் மாதிரி செலவழித்திருக்கிறீர்கள். கார்டில் ஏறுவது 16,800, இறங்குவது 7,000. மாதம் 9,800 வீதம் 11 மாதத்தில் 1,07,800. அதற்கு மேல் இருக்கும் 26,000 சொச்சம் வட்டியும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும். நீங்கள் பார்த்து வியக்கும் 1,34,000 இப்படித்தான் வந்தது.

கார்டு வட்டி மாதம் 3.6% என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஸ்டேட்மென்டில் சரியான விகிதம் இருக்கும், ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். 1,34,000-க்கு ஒரு மாத வட்டி 4,824. அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. 868. கூட்டினால் 5,692. நீங்கள் கட்டும் 7,000-ல் அசலுக்குப் போவது 1,300 ரூபாய்தான். அதே மாதம் புதிதாக 16,800 ஏற்றுகிறீர்கள். எப்படிக் குறையும்? ஜி.எஸ்.டி.யோடு சேர்த்தால் ஆண்டுக்கு 51% ஆகிறது. கந்து வட்டிக்காரர்கூட இதைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பாக்கி இல்லாமல் முழுத் தொகையும் கட்டுகிறவருக்குத்தான் 45, 50 நாள் வட்டியில்லாத் தவணை. போன மாத பாக்கி ஒரு பகுதி நின்றாலும் அந்தச் சலுகை போய்விடும். புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்த்த தேதியிலிருந்தே வட்டி ஓடும். இது ஸ்டேட்மென்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் நிலைமையில் 4,200 ரூபாய் பில்லுக்கு ஒரு மாத வட்டி 151, ஜி.எஸ்.டி. 27, ஆக 178 ரூபாய். அந்த பில்லுக்கு நீங்கள் ஆசைப்பட்ட பாயிண்ட்? நூறு ரூபாய்க்கு இரண்டு பாயிண்ட், பாயிண்டுக்கு 25 காசு என்று கணக்கிட்டால் 21 ரூபாய். 21 ரூபாய் வாங்க மாதாமாதம் 178 கட்டுகிறீர்கள்.

நண்பர் சொன்ன 10% கார்டுக்கு வருவோம். இந்த வகைக் கார்டுகளில் ஆண்டுக் கட்டணம், மாதக் கேஷ்பேக்குக்கு ஒரு உச்சவரம்பு, குறைந்தபட்ச பில் தொகை என்று மூன்று கொக்கிகள் இருக்கும். உதாரணத்துக்குக் கட்டணம் 2,999 என்றால் ஜி.எஸ்.டி.யோடு 3,539. உங்கள் சொந்தச் சாப்பாடு மாதம் 4,800-க்குக் கேஷ்பேக் 480, ஆண்டுக்கு 5,760. கட்டணம் போக மிச்சம் 2,200. முழுத் தொகையும் தவறாமல் கட்டுகிறவருக்கே மாதம் 185 ரூபாய்தான் லாபம். உங்களுக்கு அது ஒரே பில்லின் வட்டியில் போய்விடும். “2,000-க்கு மேல் 20% தள்ளுபடி” என்கிற ஆப் சலுகைகளும் இதே ரகம்: 1,600-க்குச் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டியவரை, 400 ரூபாய்க்கு இன்னொரு ஐட்டம் சொல்ல வைக்கும் வேலை. கழிவு போகக் கட்டுவது அதே 1,600. வயிறு மட்டும் கனக்கும். கடையின் க்யூ.ஆரை ஸ்கேன் செய்தால் யு.பி.ஐ. வழியாகவே கிரெடிட் கார்டில் போகும் ரூபே வசதியும் உங்களுக்கு வேண்டாம். ரொக்கம் மாதிரியே இருக்கும், ஆனால் கடன்.

இனி அந்த பில். ராம்யன் மூன்று 1,020, கிம்பாப் இரண்டு 640, டொக்பொக்கி 330, கொரியன் ஃப்ரைட் சிக்கன் 480, சீஸ்கேக் 230, மாக்டெயில் ஐந்து 950. கூட்டினால் 3,650. இதில் கால் பங்குக்கு மேல் கலர் தண்ணீர்! ஏழு பேர் சாப்பிட்ட சாப்பாடு மலிவாகத்தான் இருக்கிறது; குடித்ததுதான் விலை. கொரியன் கடைகளில் கிம்ச்சி, முளைகட்டிய பயறு மாதிரி சின்னக் கிண்ணங்களில் வைக்கும் பான்சானுக்குப் பெரும்பாலும் தனி விலை கிடையாது, கேட்டால் மறுபடி வைப்பார்கள். அதை நிரப்பிக்கொண்டு சாதாரணத் தண்ணீர் கேளுங்கள்.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது, பார்த்தீர்களா? சர்வீஸ் சார்ஜ் 10%, 365 ரூபாய். அதையும் சேர்த்து 4,015-க்கு 5% ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். அப்படி வந்ததுதான் 4,216. சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் தந்தது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடுங்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடுத்தால் பில் 3,832 ஆகும், 384 ரூபாய் மிச்சம். நண்பர் சொன்ன கார்டு இரண்டு மாதத்தில் தரும் லாபத்தை விட இது அதிகம். பரிமாறிய பையனுக்கு ஏதாவது தர வேண்டும் என்று தோன்றினால் 50 ரூபாயை அவர் கையில் கொடுங்கள்.

கடனை அடைக்கும் வழி இது. எஃப்.டி.யில் 60,000 எடுத்து நேராகக் கார்டுக்குக் கட்டுங்கள். பகுதியாக எடுக்க வங்கி விடாவிட்டால் முழுதும் உடைத்து, 30,000-க்குப் புதிதாகப் போட்டு அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைப்பார்கள். 7% சம்பாதிக்கும் பணத்தைப் பாதுகாத்துக்கொண்டு 51% கட்டுகிற ஆள், அந்த ஒரு சதவீதத்துக்காக வருத்தப்படக் கூடாது.

மீதி 74,000. அதை இ.எம்.ஐ.யாக மாற்றித் தரும்படி கார்டு வங்கியிடம் கேளுங்கள். 16% வட்டி, ஒன்பது மாதம் என்றால் ஜி.எஸ்.டி.யோடு மாதம் 9,000-ஐ ஒட்டி வரும். ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து வட்டியும் வரியும் 6,000-க்குள். அதே 74,000-ஐக் கார்டிலேயே விட்டால் இரண்டு மாதத்தில் அதைவிட அதிகம் போய்விடும். ஒப்புக்கொள்ளும் முன் செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி முடித்தால் அபராதம் உண்டா, முழு நிலுவையும் மாறுகிறதா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். நிலுவையில் ஒரு பகுதியை மட்டும் மாற்றி, பாக்கியைப் பழைய வட்டியிலேயே விடும் வங்கிகள் உண்டு. நகைக்கடன் இதைவிட மலிவுதான், 9, 10 சதவீதத்தில்கூடக் கிடைக்கும். ஆனால் பல வீடுகளில் வட்டியை மட்டும் கட்டிக் கட்டி, நகை வருடக்கணக்காக வங்கியிலேயே இருக்கிறது. உங்கள் பழக்கத்துக்கு, தேதி தவறாமல் பிடிக்கும் இ.எம்.ஐ.தான் சரி.

மாத வரவு செலவில் இது எப்படி உட்காரும்? இங்கேதான் கொஞ்சம் வலிக்கும். இ.எம்.ஐ. 9,000, கையிலிருந்து கட்டிச் சாப்பிட 3,000, மொத்தம் 12,000. இப்போது கட்டுவதை விட 5,000 கூடுதல். அதோடு வருமானம் மாதிரி வந்துகொண்டிருந்த அந்த 9,000-மும் நின்றுவிடும். ஆக 14,000 துண்டு விழுகிறது. எஸ்.ஐ.பி.யை ஒன்பது மாதம் நிறுத்தி வைத்தால் 10,000 கிடைக்கும். நீண்ட கால முதலீட்டை நிறுத்தாதே என்று யாராவது சொன்னால், 51% தரும் ஃபண்டின் பெயரைக் கேளுங்கள். பாக்கி 4,000-ஐ வீட்டுச் செலவில்தான் பிடிக்க வேண்டும். மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து, 500-க்குக் கீழே உள்ள யு.பி.ஐ. வரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள், கிடைத்துவிடும்.

சாப்பாட்டுக்கு ஒதுக்கிய 3,000-ல், தலைக்கு 600 வீதம் இரண்டு சனிக்கிழமை இருவரும் தாராளமாகச் சாப்பிடலாம். மீதி 600-ல் மச்சினனை மாதம் ஒரு தடவை நீங்களாகவே அழைத்துப் போங்கள். அது விருந்து. வாராவாரம் அவன் பங்கை வங்கிக் கடனில் கட்டுவதற்குப் பெயர் விருந்தல்ல. இதை அவனிடம் உங்கள் மனைவி சொல்வது நல்லது. அக்கா சொன்னால் சங்கடம் இருக்காது. மற்றவர்களிடம், வியாழக்கிழமைக்குள் ஆளுக்கு 600 வந்தால்தான் டேபிள் சொல்வேன் என்று குழுவில் போடுங்கள். அல்லது உட்காரும்போதே தனித்தனி பில் கேளுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டால்தான் கடைக்காரர் முகம் சுளிப்பார். மற்ற இரண்டு சனிக்கிழமையும் வெளிநாட்டுச் சாப்பாடு வேண்டும் என்றால் பாரிமுனைக்கு ஒரு நடை போய் வாருங்கள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் தெருவிலேயே கிடைக்கின்றன. புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு தட்டை எல்லாம் சேர்த்து ஒரு தட்டின் விலை, நீங்கள் குடித்த மாக்டெயிலை விடக் குறைவு.

வீட்டுக்கடனுக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டாம். கார்டு வரம்பில் பெரும்பகுதி நிலுவையாக நிற்கும்போது கிரெடிட் ஸ்கோர் அடிபடும். கிரெடிட் ஸ்கோர் நிறுவனங்களுக்கு வங்கிகள் விவரம் அனுப்பும் இடைவெளி 2025 ஜனவரி முதல் குறைந்திருப்பதால், நீங்கள் கட்டக் கட்ட ஸ்கோரும் முன்னைவிடச் சீக்கிரம் தேறும். இ.எம்.ஐ. முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். 60,000 கட்டி, மீதியை இ.எம்.ஐ.யாக மாற்றிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்டில் வட்டி என்று ஒரு தொகை வரும். போன ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது, தவறு ஒன்றுமில்லை. வங்கியோடு சண்டை போட்டு நாளைக் கடத்தாமல், இ.எம்.ஐ.யோடு சேர்த்து அதையும் கடைசித் தேதிக்குள் முழுதாகக் கட்டிவிடுங்கள். அதில் கொஞ்சம் நின்றாலும் மறுபடி வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.