யூத வரலாறு படிக்க விருப்பம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். யூதர்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் வெளிநாட்டில் மேற்படிப்பாகப் படிக்க ஆசை. நான் யூதர் இல்லை, ஹீப்ருவும் தெரியாது. இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் யூதராக இருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களில் இது வரலாறு, இலக்கியம், சமூகவியல் எல்லாம் சேர்ந்த ஒரு துறை. மதக் கல்வி அல்ல.

கல்லூரியைத் தேடுவதற்கு முன் மொழியை முடிவு செய்யுங்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வாழ்க்கைதான் ஈர்க்கிறது என்றால் அவர்கள் பேசிய இட்டிஷ் வேண்டும். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்டில் உள்ள இட்டிஷ் புத்தக மையம் கல்லூரி மாணவர்களுக்குக் கோடையில் கல்விக்கட்டணம் வாங்காமலே அதைக் கற்றுத்தருகிறது. 1492-ல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழியில் போக, அவர்கள் பேசிய ஸ்பானிய வழி மொழியான லடினோ. இடைக்கால வணிகம் என்றால் யூத அரபு, அதாவது ஹீப்ரு எழுத்தில் எழுதிய அரபு. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில், கெனிசா எனப்படும் பழைய ஏடுகளைப் போட்டு வைக்கும் அறையில் கிடைத்த ஏடுகளில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் துண்டுகள் இன்று கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் கெனிசாவில் கிடைத்தவைதான். எந்த வழியில் போனாலும் ஹீப்ரு தேவைப்படும். 22 எழுத்துகள்தான், இன்றே தொடங்கலாம்.

இன்னொன்று. இந்தத் துறைக்கு வருகிற பலருக்கு நாஜிப் படுகொலை ஒன்றுதான் தெரிந்திருக்கும். அதைப் படிக்கத்தான் வேண்டும், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். யூத வரலாற்றை வெறும் கண்ணீர்க் கதையாக எழுதும் வழக்கத்தை 1928-லேயே எதிர்த்தவர் சாலோ பாரன். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யூத வரலாற்றுப் பேராசிரியரானார். அவருடைய பெற்றோரையே நாஜிகள் கொன்றார்கள். அதன் பின்னும் அவர் அந்தக் கருத்தை விடவில்லை. ஒரு மக்கள் எப்படிச் செத்தார்கள் என்பதைப் போலவே எப்படிச் சமைத்தார்கள், கடன் கொடுத்தார்கள், வழக்காடினார்கள், பாடினார்கள் என்பதும் வரலாறு. எனக்கு இதில் உறுதியான நம்பிக்கை உண்டு.

வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன்: ஆசிரியப் பணி, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம். இடங்கள் குறைவு, உதவித்தொகை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அப்புறம் விண்ணப்பம். 'யூதப் பண்பாட்டில் ஆர்வம்' என்று பொதுவாக எழுதினால் நிற்காது. குறுகிய கேள்வி ஒன்று வேண்டும். தமிழ் தெரிந்த உங்களுக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு 72 உரிமைகள் தந்த செப்பேடு, பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில் உள்ளது. 849-ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டில் சாட்சிகள் சிலர் ஹீப்ரு எழுத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இந்த விடுமுறையில் ஒரு கல்வெட்டியல் வகுப்பில் சேர்ந்து வட்டெழுத்தைப் பழகுங்கள். பிறகு இந்த இரண்டு செப்பேடுகளின் வாசகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் கேள்வியை எழுதுங்கள்.