பழைய கம்ப்யூட்டரில் டெபியன் போடும்போது எதையெல்லாம் டிக் செய்யலாம்?

தண்டையார்பேட்டையில் டைப்பிங் சென்டர், 2 ஜிபி ராம் மெஷின்கள், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை இன்ஸ்டால் செய்யும்போது வரும் மென்பொருள் தேர்வுத் திரையில் எதை டிக் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே க்னோம் (GNOME) என்ற கனமான டெஸ்க்டாப் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும், பலர் அப்படியே என்டர் தட்டிவிட்டு அப்புறம் லினக்ஸே ஸ்லோ என்று திட்டுவார்கள், பாவம் லினக்ஸ். ஸ்பேஸ்பாரை அழுத்தி அந்த க்னோம் டிக்கை நீக்கிவிட்டு, எக்ஸ்எஃப்சிஈ (Xfce) என்ற இலகுவான டெஸ்க்டாப்பை டிக் செய்யுங்கள். டைப்பிங்குக்கான லிப்ரே ஆபீஸ் கூடவே வந்துவிடும். வெப் சர்வர் வேண்டாம். ஸ்டாண்டர்ட் யுட்டிலிட்டீஸ் என்ற அடிப்படைக் கருவிகள் இருக்கட்டும். இன்ஸ்டாலேஷன் மொழியை ஆங்கிலம் என்று கொடுத்தால் தமிழுக்கானவை தானாக வராது, டாஸ்க்-தமிழ்-டெஸ்க்டாப் (task-tamil-desktop) என்ற பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும். ஏதாவது விட்டுப்போனாலும் முதலிலிருந்து இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, கட்டளை அடிக்கும் டெர்மினலில் சூடோ போட்டு டாஸ்க்செல் (sudo tasksel) என்று அடித்தால் அதே பட்டியல் திரும்ப வரும்.