பழைய கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ் போடறதுங்க?

பல்லடத்துல தறி ஓட்டற அண்ணன் ஒருத்தரு கேட்டிருக்காரு: ஆபீஸ் கம்ப்யூட்டரு கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7, ஆன் பண்ணிட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் சுத்திட்டே இருக்குது, எக்செல்ல பில்லு போடோணும், மெயில் பாக்கோணும், ஜிஎஸ்டி சைட்டுக்குள்ள போகோணும், பிரிண்டரு கேனான் எல்பிபி 2900, விண்டோஸுக்குப் பதிலா போடறதுக்கு இருக்கறதுலயே லேசான லினக்ஸ் எதுங்க? பொண்ணு படிக்கறப்ப அரசாங்கம் குடுத்த லேப்டாப்பும் விண்டோஸோட சும்மா கெடக்குதாம்.

அண்ணா, இருக்கறதுலயே லேசானத தேடறத மொதல்ல விடுங்க. பப்பி லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் மாதிரி லேசான லினக்ஸ் ரகமெல்லாம் சும்மா நிக்கறப்ப ரொம்பக் கம்மி ரேம்லயே நின்னுக்கும், அது நெசந்தான், ஆனா அதுக்கு மேல நீங்க பிரவுசரத் தொறந்து ஜிஎஸ்டி சைட்டு, ஜிமெயிலு, வாட்ஸ்அப் வெப்புன்னு வரிசையா டேப் போட்டீங்கன்னா ஒரு ஜிபிக்கு மேல அதுவே தின்னுபோடும். வண்டி எடையக் கொறச்சு என்னங்க பண்ண, ஏத்தற பாரம் அதேதானே.

உங்க கம்ப்யூட்டரு அழுகறதுக்குப் பெரிய காரணம் அந்த சுத்தற ஹார்ட் டிஸ்க்குதான். அதுக்குப் பதிலா ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுத்தாத வேகமான டிஸ்க்கு, வாங்கிப் போடுங்க, பழைய போர்டுல அது முழு வேகத்துல ஓடாது, ஓடாட்டியும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ரேமையும் 4 ஜிபி ஆக்கிக்குங்க, வாங்கறதுக்கு முன்னால உள்ள இருக்கறது டிடிஆர்2-வா டிடிஆர்3-யான்னு கழட்டிப் பாத்துக்கோணும், ஒண்ணுக்கு ஒண்ணு சேராது. இன்டெல் ஜி31 சிப்செட் இருக்கற மதர்போர்டா இருந்தா 4 ஜிபிதான் உச்சம். டிடிஆர்2 இப்ப புதுசாக் கெடைக்கறது கஷ்டம், கோயமுத்தூர்லயோ திருப்பூர்லயோ பழசு விக்கற கடையில கேளுங்க.

எஸ்எஸ்டி போடறதுல இன்னொரு சௌகரியம் என்னன்னா பழைய டிஸ்க்க அப்படியே கழட்டி அலமாரியில வெச்சுக்கலாம், லினக்ஸ் புடிக்கலைன்னா திரும்ப மாட்டிக்கலாம், பில்லு ஃபைலும் அழியாது.

இப்ப எதப் போடறதுன்னா, 4 ஜிபி ஆக்கிட்டீங்கன்னா லினக்ஸ் மின்ட்ங்கற ரகம், அதுல லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மெனுவெல்லாம் விண்டோஸ் 7 மாதிரியே இருக்கறதால ஆபீஸ்ல பில்லு போடற புள்ளையும் தடுமாறாது. மின்ட் 22-க்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும். ரேம் கெடைக்கலீங்களா, 2 ஜிபியோடயே லுபுன்டுங்கற இன்னொரு லேசான லினக்ஸ் போட்டு இசட்ரேமையும் ஆன் பண்ணிக்குங்க, அது ரேம்ல கெடக்கறத சுருக்கி வெச்சு இடம் பண்ணிக் குடுக்கும். புது லினக்ஸ் பலதும் பழைய 32 பிட் பிராசசருக்கு வர்றதில்ல, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம், கோர் 2 டியோ எல்லாமே 64 பிட்டுதான். ஆட்டம் என்270 பிராசசர் போட்ட பழைய குட்டி நெட்புக் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் அந்தத் தலவலி, அவங்க ஆன்டிஎக்ஸ் 23 பக்கம் போலாம், டெபியன்ங்கற பழைய பெரிய லினக்ஸ்கூட 2025-ல வந்த 13-ஆம் பதிப்புல 32 பிட் இன்ஸ்டாலர நிறுத்திருச்சு.

உங்க பிரிண்டருதானுங்க வம்பு. எல்பிபி 2900 கேப்ட்னு கேனானோட சொந்த பாஷையில பேசறது, அதுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்குது, ஆனா மாட்டுனதும் ஓடற ரகமில்ல, ஓட வெக்கறதுக்குள்ள பாதி நாளு போயிரும். அதுக்குத்தான் அந்த லேப்டாப்ப எடுங்க: அதுல இருக்கற விண்டோஸ அப்படியே விட்டு, நெட்டு குடுக்காம, பிரிண்டர அதுல மாட்டிக்குங்க, பில்ல லினக்ஸ்ல எக்செல்லுக்குப் பதிலா இருக்கற இலவச லிப்ரேஆபீஸ்ல பிடிஎஃப் ஆக்கி பென்டிரைவ்ல கொண்டுபோய் அடிச்சுக்கலாம். நாகரீகமா இல்லதான், வேலை ஆகுமுல்ல.

எக்செல் பில்லு லிப்ரேஆபீஸ்ல தொறக்கும், மேக்ரோ போட்டிருந்தா மட்டும் மொதல்லயே சோதிச்சுருங்க. ஜிஎஸ்டியில தனி ஆளு ஃபர்முன்னா ஓடிபியிலயே முடிஞ்சிரும், பிரைவேட் லிமிடெட்டோ எல்எல்பியோன்னா டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கற யுஎஸ்பி, வேணும், அது லினக்ஸ்ல கொஞ்சம் மெனக்கெடற வேலை. டாலி இருந்தா அதையும் லினக்ஸ்ல நம்பாதீங்க.

போடறதுக்கு முன்னால 8 ஜிபி பென்டிரைவ்ல வென்டாய்ங்கற சாப்ட்வேர் போட்டு (பென்டிரைவ்லருந்தே கம்ப்யூட்டர கெளப்பறதுக்கு), மின்ட் ஐஎஸ்ஓ ஃபைல உள்ள காப்பி பண்ணி, இன்ஸ்டால் பண்ணாமயே லைவ்ல, அதாவது பென்டிரைவ்லருந்தே, ஓட்டிப் பாருங்க, நெட்டு, சவுண்டு, ஸ்கிரீன் எல்லாம் அங்கயே தெரிஞ்சிரும். அப்படி ஓட்டறப்ப எந்த சைட்டும் தொறக்காம பாதுகாப்பில்லைன்னு வந்துச்சுன்னா லினக்ஸத் திட்டாதீங்க, தேதியப் பாருங்க, போர்டுல இருக்கற சிஆர் 2032 பேட்டரி செத்துப்போயி வருசம் பின்னால போயிருக்கும், மாத்திப்போட்டாச் சரியாயிரும்.