பிரஸ்ஸல்ஸ் எங்கே, பர்கூர் எங்கே?

கேள்வி: கூகுள், பேஸ்புக்கை எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று எந்த நாட்டிலோ பேராசிரியர்கள் ஆராய்கிறார்கள். மாங்காய் மண்டியில் நிற்கும் நமக்கு அதனால் ஆகப்போவது என்ன?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மாங்காய் என்றீர்களே, அங்கிருந்தே வருகிறேன். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சி மருந்துக்கு 2020-ல் ஐரோப்பிய யூனியன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. பழத்தில் மிஞ்சும் மருந்துக்கான வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் ஆனது. ஐரோப்பாவுக்கு மாங்கூழ் அனுப்புகிற பர்கூர் ஆலை, பெங்களூரா காய்க்கு விலை பேசும் முன் என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டே தீர வேண்டும். நம் சட்டசபையில் இதற்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஐரோப்பிய யூனியனின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் போட்ட விதி தோப்புக்குள் வந்துவிட்டது.

டிஜிட்டல் விதிகளும் இப்படித்தான் ஊர் தாண்டுகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் அனு பிராட்ஃபோர்ட் 2012-லேயே இதற்கு ‘பிரஸ்ஸல்ஸ் விளைவு’ என்று பெயர் வைத்தார். ஐரோப்பாவுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று செய்தால் செலவு கூடும். அதனால் கடுமையான விதியையே கம்பெனிகள் எல்லா நாட்டுக்கும் வைத்துக்கொள்கின்றன. அங்கே விற்கும் போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதல் டைப்-சி சார்ஜிங் துளை கட்டாயம் என்றார்கள். 2023-லேயே ஐபோன் 15 உலகம் முழுக்க டைப்-சியோடு வந்தது. ஓசூர் பக்கம் டாடா ஆலையில் ஐபோனுக்குக் கூடு செய்கிறார்களே, அதன் அடியில் விழும் துளையின் அளவைத் தீர்மானித்தது ஐரோப்பிய யூனியன்தான்.

சரக்கு முழுசாக வருகிறது, சட்டம் அப்படி வருவதில்லை. என் கோபம் அங்கேதான். ஆட்களின் சொந்தத் தகவலைக் காக்கும் ஐரோப்பாவின் 2016 தரவுப் பாதுகாப்புச் சட்டம், பத்திரிகைப் பணிக்கு விலக்கு தரச் சொல்லி உறுப்பு நாடுகளுக்கே கட்டளையிடுகிறது. நம் 2018, 2019 வரைவுகளிலும் அந்த விலக்கு இருந்தது. 2023-ல் நிறைவேறிய நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதைக் காணோம். சம்மதம், அபராதம் என்பதையெல்லாம் எடுத்துக்கொண்டவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? அதே சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் தரும் 8(1)(j)-யின் வாசகத்தைச் சுருக்கிவிட்டது. ‘பொதுநலன் இருந்தால் தரலாம்’ என்று அதிலேயே இருந்த வாசகம் போயிற்று. 2025 நவம்பரில் இது அமலுக்கும் வந்துவிட்டது. பென்னாகரம் பக்கம் ஓர் ஊராட்சியில் வீடு கட்டும் திட்டத்தில் யார் யாருக்குப் பணம் போனது என்று கேட்டால், ‘தனிநபர் தகவல்’ என்று ஒரே வரியில் அனுப்பிவிடலாம். இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(2)-ஐ யாரும் தொடவில்லை. விலக்குக்குள் வரும் தகவலானாலும், வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிறது அது. மனுவிலேயே அந்தப் பிரிவைச் சொல்லி, என்ன பொதுநலன் என்று இரண்டு வரி எழுதுங்கள்: அரசுப் பணம், இன்ன திட்டம், இன்ன ஆண்டு. மறுத்தால், பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். 8(2)-ஐப் பரிசீலிக்கவே இல்லை என்பதை அதில் முதல் காரணமாக வையுங்கள்.